இடது காது

போ பசானில் மெட்ரோ ஏறி விக்டோரியாவில் இறங்குவதற்குள்
புதுச் செருப்பு கடித்துவிட்டது.
ஏழாவது மாடியில் மதாம் கிளாரிஸ்
என் பட்டச் சான்றிதழைப் பார்க்கவில்லை,
காலைப் பார்த்தாள்.
"இங்கே நிற்கிற வேலைதான், மகளே.
நாளைக்குத் தட்டையாகப் போட்டு வா."

பிறகு ஒரு குடை, ஒரு சாவி,
அல்சர் மாத்திரை இரண்டு அட்டை.
கடைசியில் கதவைச் சாத்திவிட்டு ஒரு ரகசியம்:
அமைச்சருக்கு வலது காது கேட்காது.
மனைவிக்குத் தெரியும், டிரைவர் ரஷீதுக்குத் தெரியும்,
இப்போது உனக்கு.

அரசியல் அறிவியல் மூன்று வருடம் படித்தவளுக்கு
வேலை இவ்வளவுதான்:
அரை அடி பின்னால், இடது தோளோரம்.
வருகிறவர் வாய் திறக்குமுன்
அவர் பெயரை
உதடு அசையாமல் சொல்ல வேண்டும்.

முதல் வாரமே மாஹேபூரில்
மீனவர் சங்கத் தலைவரை
அவரைத் தோற்கடித்தவர் பெயரால் கூப்பிட வைத்தேன்.
அமைச்சர் திட்டவில்லை. காரில் ஏறி
ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:
"பெயர் தெரியாவிட்டால் மழை என்று சொல்.
நான் மழையைப் பற்றிப் பேசிக்கொள்கிறேன்."
அன்று மாலை வரை மழையைப் பற்றியே பேசினார்.
வெயில் மண்டையைப் பிளந்தது.

இரவில் பட்டியலை வைத்து மனப்பாடம் செய்தேன்.
சின்னப்பன் சினாபென் ஆகியிருந்தார்,
முத்துசாமி மூதூசாமி.
கப்பலை விட்டு இறங்கிய அன்றே
எவனோ ஒரு குமாஸ்தா
அரைக்காதில் கேட்டு எழுதியது.
இந்தத் தீவில் கேளாக் காது ஒன்றும் புதிதில்லை.

இன்னொன்றும் கவனித்தேன்.
செய்ய மனமில்லாத மனு என்றால்
அமைச்சர் மெல்லத் திரும்பி
வலப்பக்கத்தைக் கொடுப்பார்.
தலை ஆடிக்கொண்டே இருக்கும்.
வந்தவர் நிம்மதியாகப் போவார்.
இதை மதாம் கிளாரிஸ் சொல்லவில்லை.
ஒருவேளை அவளுக்கும் தெரியாது.

ஆறாவது வாரம் எங்கள் தெருவில்
வடிகால் திறப்பு விழா.
பிளாஸ்டிக் நாற்காலி, ரிப்பன், கை குலுக்க ஒரு வரிசை.
வரிசையில் பதினோராவது ஆள்
கல்யாணச் சேலையில்
அம்மா.

சொன்னேன்:
"லெட்சுமி நல்லதம்பி. தையல் ஆலை, ஓய்வு.
கணவர் இறந்து எட்டு மாதம். பஸ் டிரைவர்."
பத்துப் பேருக்குச் சொன்ன அதே குரல்,
அதே நீளம்.
மூச்சு மட்டும் கொஞ்சம் முன்னால் தீர்ந்துபோனது.

அவர் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்தார்.
"லெட்சுமி! உன் புருஷன் ஓட்டின பஸ்ஸில்
நான் காலேஜ் போயிருக்கிறேன்.
ஏறுகிறவர்களுக்காகக் காத்திருக்கிற மனுஷன்."
அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.
போயிருக்கலாம்.
அப்பா காத்திருப்பார், அது உண்மை.
எல்லா டிரைவரும்தான் யாருக்காவது காத்திருப்பார்கள்.

அன்று இரவு அம்மா ரோஸ் ஹில் சித்திக்குப் போன் போட்டு
மூன்று தரம் சொன்னாள், கிரியோலில்:
என் பெயரை அவரே சொன்னார்,
யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை,
அவரே.
பிறகு என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.
அவளுக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில்
ஒன்றை எடுத்துச் சொன்னாள்:
"பேர் சொல்லும் பிள்ளை."

கொப்புளத்தில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.
விளக்கை அணைக்கப் போனவள் நின்று கேட்டாள்:
"ஆமாம், நீ எங்கே இருந்தாய்?
உன்னைக் காணவே இல்லையே."