எண்பத்தாறு நாற்காலிகள்

இரண்டு கிழமையாய்
ஊர்ச்சபை மண்டபத்தைத் தலைக்குள் கட்டுகிறேன்.
புர்க்டோர்ஃப் ஆசுபத்திரியின் சலவை அறையில்
ஒரு விரிப்பு மடித்தால் ஒரு நாற்காலி.
வேலை முடிவதற்குள்
நூற்றிருபது போட்டுவிடுவேன்.

பிறகு ஆட்களை உட்கார்த்துவேன்.
பால்பண்ணை லூத்தி, கைகட்டியபடி.
தபால்காரி ரெகுலா.
கடைசி வரிசையில்
வரி கூடுமா என்று கேட்க மட்டும் வருபவர்கள்.

"எல்லாரையும் உள்ளாடையோடு நினை, பயம் போகும்"
என்றாள் இஸ்திரிப் பக்கத்து மிர்யானா.
முதுகு திறந்த நோயாளி அங்கியில்
ஊரையே நினைத்துப் பார்த்தேன்.
சிரிப்பு வரவில்லை.
குளிருமே என்றிருந்தது.

மனதுக்குள் எழும்புகிறேன்.
முழங்கால் நடுங்குகிறது.
நடுங்கட்டும், அதையும் சேர்த்தே நினைக்கிறேன்.
ஒலிவாங்கிக்குப் பதினொரு அடி.
ஒரு மிடறு தண்ணீர்.
பிறகு டொச்சில்,
வினைச்சொல்லை வாலில் கட்டித் தொங்கவிடும் மொழி,
அந்த ஒன்றில் மட்டும் எங்களுக்குச் சொந்தம்:
பள்ளிக்கூட வளைவில்
பாதசாரிக் கடவை ஒன்று வேண்டும் என்று.
பால் லொறியின் கண்ணாடி
என் அகிரனின் புத்தகப்பையைத் தட்டிக்கொண்டு போனது என்று.
பையைத்தான்.
அவனுக்கும் லொறிக்கும் நடுவே

இந்த இடத்தில்
மண்டபத்தில் வெளிச்சம் போய்விடும்.
ஒவ்வொரு நாளும் இதே இடத்தில்.
மறுபடி முதல் விரிப்பு, முதல் நாற்காலி.

டிசம்பர், திங்கட்கிழமை, பனி.
மண்டபம் என்றால் பள்ளி உடற்பயிற்சிக்கூடம்,
ரப்பர் பாய் மணம்.
முப்பத்துநான்கு நாற்காலிகள், அரைவட்டமாய்.
மேடை இல்லை. நடக்கப் பதினொரு அடியும் இல்லை.
ஒரு பையன் ஒலிவாங்கியைக் கொண்டுவந்து
கையில் திணித்துவிட்டான்.
லூத்தி வரவில்லை, மாடு கன்று போடுகிறதாம்.
இரண்டு கிழமை கட்டியது
வேறு யாருடைய ஊரோ.

கை மட்டும் தன்பாட்டில்
பேச்சுத் தாளை மடித்தது,
மூலைக்கு மூலை, விரிப்பைப்போல.
முழங்கால் நடுங்கியது.
அது எனக்குத் தெரிந்த நடுக்கம்தான்.

கடவை வேண்டும் என்றேன். பையைச் சொன்னேன்.
அவனுக்கும் லொறிக்கும் நடுவே,
டொச் சொல் வரவில்லை.
"ஒரு சாண்" என்றேன், தமிழில்.
கட்டைவிரலையும் சுண்டுவிரலையும்
விரித்துத் தூக்கிக் காட்டினேன்.

யாரும் இருமவில்லை.
கடைசி வரிசையில் ஒருவர்
மடியில் தன் கையை விரித்து
அளந்து பார்த்தார்.

பரிசீலிப்பார்களாம். மார்ச் மாதம் வாக்கெடுப்பு.

அன்றிரவு படுக்கையில்
அதிகமாய்ப் போட்ட எண்பத்தாறு நாற்காலிகளையும்
ஒவ்வொன்றாய் மடித்து வைத்தேன்.