பொருள் எண் ஒன்று

சுழல்நாற்காலிகள் பதினொன்று.
பன்னிரண்டாவது பிளாஸ்டிக், எனக்கு.
ஆய்வகத்திலிருந்து நானே தூக்கிவந்தேன்.

பாடத்திட்டக் குழுவில் மாணவர் பிரதிநிதி
என்ன செய்ய வேண்டும் என்று
யாரும் சொல்லித்தரவில்லை.
துறைத்தலைவர் சொன்னது இவ்வளவுதான்:
"பத்தரைக்கு வந்துடு. நல்ல பேனா எடுத்துட்டு வா."

முந்தின நாள் வகுப்பில்
ஒரு நோட்டைச் சுற்றுக்கு விட்டிருந்தேன்.
பியூரெட் பாதி ஒழுகுகிறது.
பெண்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாள்.
தருமபுரித் தண்ணீரில் ஃப்ளூரைடு அளக்க
ஒரு செய்முறையாவது வேண்டும்,
இது கோமளா,
சிரித்தால் கையால் பல்லை மறைத்துக்கொள்பவள்.
கேன்டீன் போண்டாவின் கடினத்தன்மை
பாடத்தில் வருமா, இது மாதேஷ்.
செவந்தி எதுவும் எழுதவில்லை.
மை வருகிறதா என்று ஓரத்தில்
கிறுக்கிப் பார்த்த தடம் மட்டும்.

தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்து
சேலத்து வல்லுநர் ஒரு மணி நேரம் தாமதம்.
அதுவரை ஓசூர் கம்பெனிக்காரர்
மாம்பழக்கூழ் ஏற்றுமதி பற்றிப் பேசினார்.

பொருள் எண் ஒன்று:
சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை உறுதி செய்தல்.
"உறுதிதானே?"
"உறுதி, உறுதி."
மிளகாய் பஜ்ஜி வருவதற்குள் முடிந்துவிட்டது.

ஆறாவது வரும்போது
என் உள்ளங்கை வியர்த்து
நோட்டு அட்டையின் நீலம் ஒட்டியிருந்தது.
செய்முறை வகுப்பைச் சனிக்கிழமை
இரண்டிலிருந்து ஐந்துக்கு மாற்றுவது பற்றி
நீளமாக வாசித்தார்கள், ஆங்கிலத்தில்.
தலைவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.
பதினோரு முகமும் பார்த்தது.

தலையாட்டினேன்.

கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று ஆட்டினேன்.
ஒன்றாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் ஆட்டிவருகிறேன்.
மீதிச் சில்லறை இறங்கும்போது என்று
கண்டக்டர் சொன்னாலும் ஆட்டுவேன்.
"மாணவர் தரப்பு ஒப்புதல்" என்று
எழுத்தர் தட்டச்சு செய்த சத்தம் கேட்டது.
அது என்ன சத்தம் என்றுதான் தெரியவில்லை.

ஒன்பதாவது பொருள், இதர.
அதற்குள் சேலத்துக்காரருக்கு வண்டி வந்துவிட்டது.
நோட்டைப் பிரிக்கவேயில்லை.

வத்தல்மலை ஏறும் கடைசி வண்டி நாலேகாலுக்கு.
எனக்குத் தெரியும்.
முதல் பருவத்திலிருந்து தெரியும்.
நாலு அடித்ததும் செவந்தி
பையை மடிக்கு எடுத்துக்கொள்வதை
தினம் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன்.
தெரிந்தது வாய்க்கு வரவில்லை.
தலைதான் முந்திக்கொண்டதே.

கால அட்டவணையைப் பலகையில் ஒட்டிய அன்று
மாதேஷ் கேட்டான்:
"வாசலுக்கு வர்ற மாடுகூட
அரிசி வாங்கிட்டுத்தான் தலையாட்டும்.
நீ என்னத்த வாங்கின?"
ரெண்டு பஜ்ஜி, ஒரு டீ என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.

செவந்தி சண்டைக்கு வரவில்லை.
ஐந்து சனிக்கிழமை கோமளா வீட்டில் தங்கினாள்.
ஆறாவதிலிருந்து
வருகைப் பதிவேட்டில் அவள் கட்டத்தில்
சிவப்பு மை.

நடவடிக்கைக் குறிப்பின் நகலை
மூன்று முறை நடந்து வாங்கினேன்.
நாலாம் பக்கம்.
என் முன்னெழுத்து தப்பு.
மற்றதெல்லாம் நடந்தபடியே,
நான் தலையாட்டியது உட்பட.

இன்று மறுபடி பத்தரை.
மறுபடி பிளாஸ்டிக் நாற்காலி,
இந்தமுறை ஒரு கால் சற்றுக் குட்டை.
"பொருள் எண் ஒன்று. உறுதிதானே?"
கையெழுத்துத் தாள் மேசையைச் சுற்றி
என்னிடம் வந்து நிற்கிறது.
நல்ல பேனாதான் கொண்டுவந்திருக்கிறேன்.
மூடியைக் கழற்றவில்லை.

கழுத்தை அசையாமல் பிடித்திருக்கிறேன்.
சுளுக்கு என்று நினைத்திருப்பார்கள்.

"இல்லைங்க சார்."

தட்டச்சு நிற்கிறது.
ஓசூர்க்காரர் போனிலிருந்து நிமிர்கிறார்.
"என்னம்மா இல்லை?"

நாலேகால், என்று ஆரம்பிக்கிறேன்.