பதினேழு அங்குலம்

வெள்ளைக் கோட்டு மாட்டிய லோர்கன்
உண்மையில் பேருந்து ஓட்டுநர்.
ஸ்லைகோ பூங்காவில், தூறலில்,
ஒரே பெஞ்சில் இரண்டு ஆண்கள்
எவ்வளவு தள்ளி உட்கார்ந்தால் இயல்பு என்று
டேப் வைத்து அளந்தான்:
“பதினேழு அங்குலம். குறைந்தால் காய்ச்சல்.”
கேமரா சிரிக்காமல் தலையாட்டியது.

ஒளிபரப்புக்கு முந்தைய நாளே
முந்நூறு புகார்கள்.
பார்க்காத கண்கள்தான் அதிகம் புண்பட்டிருந்தன.
ஒருவர் மட்டும்,
அளவு தப்பு, இருபது என்றார்.

விசாரணைக் குழு படத்தைப் போட்டுப் பார்த்தது.
விளக்கணைந்த அறையில்
நாற்காலிகள் நகரும் சத்தம்.

தடை.

தயாரிப்பாளர் ஓர்லா
ஒரு கடிதத்தை மட்டும் கோப்பில் சேர்க்கவில்லை.
பென்சில் எழுத்து, கையொப்பமில்லை:

“டாக்டர் ஐயா,
நானும் ஃபெர்கலும்
நாற்பது வருடமாய்ப் பதினேழு அங்குலம் தள்ளியே உட்கார்கிறோம்.
இந்த வயதில்
காய்ச்சல் வந்தால் தாங்குவோமா?”