பதினோரு விநாடி

விருதுப் பதிவேடு என் பொறுப்பு.
நடுவர்கள் மாறுவார்கள், அமைச்சர்கள் மாறுவார்கள்.
பச்சை அட்டை போட்ட இந்த நோட்டு மட்டும்
மொந்தேவிதேயோவின் ஈரக் காற்றில்
உப்பிக்கொண்டே போகிறது.

முதல் பக்கம், அறுபதாம் ஆண்டு.
முந்தின ஏப்ரல் வெள்ளத்தில்
ஆற்றங்கரை ஊர்கள் காலியானபோது
வாஷிங்டன் ஒலாஸ்கோகா வானொலியில்
இரவெல்லாம் நீர்மட்டம் வாசித்தார்.
மணிக்கொரு எண். அவ்வளவுதான்.
'பயங்கரம்' என்ற சொல்லை
ஒருமுறைகூட வாயில் எடுக்கவில்லை
என்கிறது நடுவர் குறிப்பு.

சிலை செய்யக் காசில்லை.
பழைய ஒலிபரப்பியின் வால்வு ஒன்றைக் கழற்றித்
தைலமரக் கட்டையில் செருகிக் கொடுத்தார்கள்.
ஒலிபரப்பு இதழியலுக்கான தேசிய விருது
என்று முழுப்பெயர்; யாரும் சொல்வதில்லை.
"அவனுக்கு வால்வு கிடைத்துவிட்டது."
"அவளுக்குக் கொடுக்காதது அநியாயம்."

அறுபத்து நான்கில்
கால்பந்து வர்ணனை செய்தியா இல்லையா என்று
மூன்று பக்கச் சண்டை.
அறுபத்தேழில் மாட்டுச் சந்தை விலைக்கு.
நகரம் சிரித்தது. பண்ணைக்காரர்கள் சிரிக்கவில்லை.
அறுபத்தொன்பதில் முதல் முறையாகத் தொலைக்காட்சி.
படம் பிடித்தவர் பெயரை விட்டுவிட்டார்கள்;
ஓரத்தில் வேறு மையில் நெருக்கி எழுதியிருப்பது
நான்தான்.

எழுபத்து மூன்று.
வானொலியெங்கும் ராணுவ அணிவகுப்பு இசை.
"தகுதியானவர் எவருமில்லை."
கையெழுத்து என்னுடையது அல்ல.
எழுபத்து நான்கு: மேற்படி.
எழுபத்தைந்து: மேற்படி.
பதினோரு மேற்படிகள்,
ஒன்றன் கீழ் ஒன்றாக,
மழைக்கு ஒதுங்கியவர்கள் போல.

எண்பத்தைந்தில் திரும்ப வந்தோம்.
வால்வு யாருக்கு என்று கேட்கவே தேவையிருக்கவில்லை.
ஊருக்கே தெரியும்:
நெலிடா எச்செகாராய்,
தேடப்படுவோர் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தவள்
மூன்றாம் பெயருக்குப் பிறகு நிறுத்தினாள்.
பேசவில்லை.
இருபது விநாடி என்றார்கள். ஒரு நிமிடம் என்றார்கள்.
அழுதாள் என்று சத்தியம் செய்தார் ஒரு டாக்சிக்காரர்.
மறுவாரம் வேலை போயிற்று; பிறகு நாடும்.

காப்பக நாடாவைப் போட்டுக் கேட்டோம்.
மூன்றாம் பெயரை இடித்துக்கொண்டு நிற்கிறது
நான்காம் பெயர்.
இடைவெளியே இல்லை.

அப்போதுதான் அனிபால் துத்ரா வந்தார்,
ஒட்டுவெட்டுக்காரர்,
சட்டைப்பைக்குள் ஒரு மருந்துக் கவர்.
"மேலிடம் கேட்பதற்கு முன்பே வெட்டிவிட்டேன்.
அவளைக் காப்பாற்றவா, என்னையா,
இன்னும் தெரியவில்லை."
இரண்டு மீட்டர் நாடா.
பதினோரு விநாடி.

நாற்காலி ஒன்று கிரீச்சிடுகிறது.
மூச்சு.
தூரத்தில் பேருந்து ஹார்ன்.
தாள் சரசரப்பு.
ஐந்து நடுவர்களும் கைதூக்கினார்கள்.
தைலமரக் கட்டைகூடத் தயார்.

மால்மோவிலிருந்து அவள் கடிதம் வந்தது,
சலவைக்கூடத்தின் முத்திரையோடு.
"பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.
பிரித்துக்கொண்டிருந்தேன்.
பிரித்த பிறகு இன்னும் பதினான்கு பெயர் வாசித்தேன்.
அதை ஏன் யாரும் நினைவு வைத்திருக்கவில்லை?
வால்வை வேறு யாருக்காவது கொடுங்கள்.
இங்கே அதைச் செருகவும் இடமில்லை."

விடியும்வரை வாதம்.
அவள் பொய் சொல்கிறாள் என்றார் ஒருவர்,
அன்பாகத்தான்.
சரசரப்பை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டோம்.
தாள் பிரியும் சத்தமும்
கை நடுங்கும் சத்தமும்
ஒரே மாதிரித்தான் இருக்கின்றன.

தலைவர் களைத்துப்போய் என்னிடம் சொன்னார்:
"தகுதியானவர் எவருமில்லை என்று எழுதிவிடுங்கள்."
அந்த வாக்கியத்தை
என் கையால் எழுத வரவில்லை.
கடிதத்தையே ஒட்டிவிட்டேன்.
அந்த ஆண்டுக்கு அதுதான் பதிவு.

இப்போது வால்வு பிளாஸ்டிக்.
அடியில் பொத்தான் உண்டு, அழுத்தினால் எரியும்.
போன வருடம் வாங்கிய யனினா பெத்தான்கோர்
மேடையிலேயே மூன்று தடவை அழுத்திப் பார்த்தாள்.
கடற்கரையில் செத்து ஒதுங்கிய மீன்களை
எண்ணி எண்ணிச் சொன்னவள்;
அவளும் எண்தான்.

புதிய நடுவர்கள் நோட்டைப் புரட்டுகிறார்கள்.
எண்பத்தைந்தாம் பக்கம்
என் பசையாலும் நதிக்காற்றாலும்
அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொள்கிறது.
மெதுவாகப் பிரியுங்கள் என்கிறேன்.
அதுவரை
அறையில் யாரும் பேசுவதில்லை.