இருபத்தெட்டரை அங்குலம்

குளியலறை வாசலின் அகலம் அது.
மூன்று முறை அளந்துவிட்டேன்.
படுக்கையில் இருந்தபடி மார்லிஸ் கேட்கிறாள்:
"நாலாவது தடவை அளந்தா கொஞ்சம் விரியுமா?"

டுலூத்தில் மார்ச் கடைசி.
ஏரியில் பனி இன்னும் உடையவில்லை.
மேசைமேல் ஸ்கூட்டர் பட்டியல், காபிக் கறையோடு.
மூன்று சக்கரம் சட்டென்று திரும்பும், சரிவில் கவிழும்.
நாலு சக்கரம் கவிழாது,
எங்கள் வீட்டு நடையில் திரும்பவும் திரும்பாது.
காப்பீட்டில் சிவப்பு மட்டும்தான்.
அவளுக்கு வேண்டியது தபால் பெட்டியின் நீலம்.

இருபத்தாறு வருஷம் தபால் சுமந்தவள்.
நாளுக்குப் பதினோரு மைல்,
ஏரியைப் பார்த்து விழுகிற இந்தத் தெருக்களில்.
நாய்களின் பெயர் தெரியும்,
நாய் வளர்த்தவர்களின் கடன் தெரியும்.
பிறகு ஒரு நாள் இடது பாதம்
சொன்னதைக் கேட்கவில்லை.

"வீட்டுக்குள் தேவைப்பட்டால் மட்டும்தான், சார்,"
என்கிறான் போனில் டெஸ்மண்ட்.
"படுக்கை, சமையலறை, கழிப்பறை.
வெளியே போவது வசதி. தேவை அல்ல."
நல்ல குரல். யாரோ எழுதிக் கொடுத்ததை
மனசு நோகாமல் வாசிக்கிற குரல்.
அவன் பின்னால் யாரோ மைக்ரோவேவைத் திறக்கிறார்கள்.
பாலம் தூக்கி முதல் கப்பல் உள்ளே வருவதைப் பார்ப்பது
எதில் சேரும் என்று கேட்க வாயெடுத்தேன்.
சூப் ஆறிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

படிவம் கேட்டது: எத்தனை அடி நடப்பார்?
ஒன்பது என்று எழுதினேன்.
கண்ணாடி போட்டுப் படித்தாள்.
"பதினாலு."
"ஒன்பதுன்னா கிடைக்கும்."
"பதினாலு, வெர்ன்."
முப்பத்தொரு வருஷத்தில் நாங்கள் போட்ட சண்டைகளில்
நீளம் குறைந்தது இதுதான், ஐந்து அடி.
அன்றிரவு முதுகு காட்டிப் படுத்தோம்.
காலையில் பேனாவால் அடித்துத் திருத்தினேன்.

செவ்வாய்க்கிழமை மதிப்பீடு செய்ய ஒருத்தி வந்தாள்.
கெயில் என்று பெயர். மணி அடித்தபோது
நான் கீழே துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.
மேலே ஓடி வந்தால் கதவு திறந்திருக்கிறது.
மார்லிஸ் நிற்கிறாள்,
ஒரு கை நிலையைப் பற்றி, மறு கை நீட்டி:
"உள்ளே வாங்க, குளிருது."
உதட்டுச்சாயம் வேறு.

கெயில் ஏதோ குறித்துக்கொண்டாள்.
அவள் கார் திருப்பம் தாண்டும் வரைக்கும்
சிரித்துக்கொண்டே நின்றாள் என் மனைவி.
பிறகு நான் தூக்கிக்கொண்டு போனேன்.
இரண்டு நாள் எழவில்லை.
அதைக் குறித்துக்கொள்ள யாரும் வரவில்லை.

கடிதம் வந்தது. கொண்டுவந்தவன்
அவளுடைய பழைய தெருக்களில் இப்போது நடக்கிற பையன்.
உறையைப் பிரிக்கவே இல்லை அவள்,
இரண்டு விரலால் எடை பார்த்தாள்.
"மெல்லிசா இருக்கு. சரின்னு சொல்றவங்க
கத்தை கத்தையா படிவம் அனுப்புவாங்க.
எத்தனை வீட்டுல போட்டிருக்கேன்!"

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்.
அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:
கதவைத் திறந்தது நான்தான். அது பொய்யில்லை.
பதினாலு அடியும் பொய்யில்லை.
ஆனால் அது போவதற்கு மட்டும்.
திரும்பி வருவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை.

அவ்வளவுதான். கையெழுத்து போட்டாள்,
'மா' மட்டும் கொஞ்சம் நடுங்கியது.
அஞ்சல் குறியீட்டை என்னைக் கேட்காமலே சொன்னாள்.

சும்மா இருக்க முடியவில்லை.
குளியலறைக் கதவின் கீலைக் கழற்றினேன்.
கதவை நடைச் சுவரில் சாய்த்துவிட்டு
நாலாவது முறை அளக்கிறேன்:
இருபத்தொன்பதே முக்கால்.

"விரிஞ்சுடுச்சு," என்கிறேன்.
"நாலு சக்கரத்துக்கு எவ்வளவு வேணும்?"
"முப்பது."
"அப்ப எவ்வளவு குறையுது?"
"கால்."
ஒரு நிமிடம் சத்தமில்லை.
பிறகு கட்டில் குலுங்கச் சிரிக்கிறாள்.
"எப்பவும் அதுதானே குறையுது.
நிலையைக் கொஞ்சம் சுரண்டு.
அப்புறம், ஒரு திரை வாங்கிட்டு வா.
நீலத்துல."