நான் என்றொரு மாகாணம்

தாய்லாந்தின் வடக்கு மூலையில்
நான் என்று ஒரு மாகாணம் இருக்கிறது.
சத்தியமாக அதுதான் பெயர்.
மண்ணடி கபீர் பாய் கொண்டுவந்த நோட்டீஸில்
கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது:
நானைச் சுற்றிப் பார்க்க வாருங்கள்,
நான்கு பகல், மூன்று இரவு,
காலை உணவு உட்பட.

எழுத்துப்பிழை என்று நினைத்து
குளோரி இரண்டு தரம் போன் போட்டாள்.
"பாய், யாரு அந்த நான்?"
"ஊரும்மா, ஊரு!" கத்தினார் பாய்.
இரண்டாயிரம் காப்பி. வெள்ளிக்குள் வேண்டும்.

பழைய வண்ணாரப்பேட்டையில்
ஷட்டர் பாதி இறக்கிய கடை.
ஒரே மலை எண்பதாவது முறையாக, எண்பத்தொன்றாவது முறையாக
தட்டில் வந்து விழுகிறது.
மூடுபனி இன்னும் காயவில்லை,
தொட்டால் விரலில் ஒட்டுகிறது.

பார்க்க வேண்டிய இடம் ஒன்று:
மலைமேல் உப்புக் கிணறு.
கடலே இல்லாத இடத்தில்
உப்புத்தண்ணி இறைத்து
விறகடுப்பில் காய்ச்சுகிறார்களாம்.
எனக்கு எண்ணூர்.
உப்பளமும் சாம்பல் குட்டையும் பக்கத்துப் பக்கத்தில்.
யாரும் நோட்டீஸ் அடித்து எங்களைக் காட்டியதில்லை.
ஆனாலும் கூழைக்கடாக்கள் வருகின்றன,
புகைபோக்கியை ஒரு வட்டம் அடித்து
முகத்துவாரத்தில் இறங்குகின்றன.
டிக்கெட் இல்லை, கைடு இல்லை.

இரண்டு, படிப்படியாய் நெல்வயல்.
மூன்று, பழைய கோயில் சுவரில் ஓர் ஓவியம்:
தோளில் கைபோட்டு ஒருவன்
ஒருத்தியின் காதில் ஏதோ சொல்கிறான்.
என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாதாம்.
அதற்காகவே விமானமேறிப் போகிறார்கள்.

நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்,
தாள் தாளாக.

மிஷின் இரைச்சலில்
குளோரி கிட்டே வந்தாள்.
மல்லியும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை.
என் தோளைப் பிடித்துக் குனிந்து
காதோடு சொன்னாள்:
"நீலம் தீந்துபோச்சு."

பார்த்தால்
மலையைக் காணோம்.
பச்சை வயலெல்லாம் மஞ்சளாகி
முந்நூறு தாளில் விளைந்து கிடக்கிறது.

பாய் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.
திட்டுவார் என்று நின்றோம்.
"அறுப்பு சீசன்ல எடுத்த போட்டோன்னு சொல்லிக்கலாம்,
மலைக்கு மட்டும் என்ன சொல்றது?"

எண்ணூருக்கு ஆறு நாற்பது வண்டி.
ஜன்னலோரம் கிடைக்கவில்லை.
சட்டைப்பையில்
நாலாக மடித்த நான்.