குட்டை, நீரோடு

ஸ்டிரியா அகதி முகாம், பதினேழாம் கொட்டகை.
இரண்டடுக்குப் படுக்கைகளுக்கு நடுவே
அப்பா நிலத்தைப் பிரித்தார்.
மேசை முகாமுடையது.
விரிக்க வரைபடம் இல்லை.
ஊறப்போட வைத்திருந்த அவரைக்கொட்டையில்
பதினொன்றை எடுத்து
ஒவ்வொன்றாய் வைத்தார்.

இது சர்ச்சுக்குப் பின்னால் உள்ள பள்ளம்,
செம்மண் இடுப்பளவு.
இது திராட்சைப் பந்தல், தெற்கு பார்த்தது.
இது கல்மேடு, ஆட்டுக்குத் தவிர ஆகாது.
இது வால்நட் மரம். மரமும் ஒரு பாகம்தான்,
அதன் நிழல் விழும் தூரம்வரை.

கார்ஸ்ட் மேட்டை விட்டிறங்கிப் பதினெட்டு மாதம்.
இத்தாலியப் பீரங்கி கேட்ட காலையில்
மாட்டை அவிழ்க்க நேரமிருந்தது,
கதவைப் பூட்ட இல்லை.
பூட்டாத கதவின் சாவி
இன்னும் அப்பாவின் இடுப்பில்.

நான்தான் எழுதினேன்.
டைபாய்டுக்குப் பிறகு அவர் எழுத்து
கோழி கிளறியது மாதிரி.
பேனா, முகாம் குமாஸ்தாவிடம் இரவல்.

சிரில் நான்கு நாள் விடுப்பில் வந்திருந்தான்.
எந்த முனையில் இருக்கிறாய் என்று
அப்பா கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
‘வீட்டில்’ என்று சொல்லியிருக்க வேண்டும்.
சொந்தப் பந்தலில் குழிதோண்டிப் படுத்தவன்,
அப்பா அடுக்கிய கற்சுவருக்குப் பின்னிருந்து சுட்டவன்,
கைகளை மடியில் வைத்துக்கொண்டு
அந்தப் பந்தல் தனக்கு விழுவதைப் பார்த்திருந்தான்.

“எத்தனை வரிசை?”
“நாற்பத்திரண்டு.”
“நாற்பத்து மூன்று.
கடைசி வரிசை நீ பிறந்த வருஷம் வைத்தது.”
“ஆமாம். மூன்று.”

திங்காவுக்கு மரம்.
மாமியார் பக்கத்துப் படுக்கையில் காதைத் தீட்டியிருந்தாள்,
ஆகவே அவள் புல்தரையும் கேட்டாள்.
தாயும் பிள்ளையும் ஆனாலும்
வாயும் வயிறும் வேறு.
வரப்புக்குச் சண்டை வந்தது.
இரண்டடிக் கல்வரப்பு,
இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத வரப்பு.
அரைமணி நேரம் கத்தினோம்.
அடுத்த கொட்டகைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.
வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான்
நிலமுள்ளவர்கள் போலத் தெரிந்திருப்போம்.

“மரம் இந்த வருஷம் காய்த்ததா?”
திங்கா சிரிலைக் கேட்டாள்.
அவன் கஞ்சிப் பானையைப் பார்த்தான்.
“நல்ல காய்ப்பு. கிளை தாங்கவில்லை.”

கலீஷியாவில் காணாமல் போன அல்பினுக்கு
மூன்று கொட்டை.
அவனுக்கெதற்கு என்று மாமியார் முணுமுணுக்க
அப்பா சட்டம் பேசினார்:
செத்தவனுக்குத்தான் பாகமில்லை,
காணாதவனுக்கு உண்டு.
எந்தச் சட்டமென்று யாரும் கேட்கவில்லை.

கல்மேடு மேசையிடுக்கில் விழுந்துவிட்டது.
அதைத் தேடவும் இல்லை.

எனக்குக் குட்டை.
எங்கள் மேட்டில் ஆறில்லை, ஊற்றில்லை;
மாடுகளை ஓட்டிக் களிமண்ணை மிதிக்கவைத்து
மழையைப் பிடித்துவைத்த ஒரே குட்டை.
“கொஞ்சமாய்க் கொடுத்தான் என்று நினைக்காதே.
தாகமெடுத்தவன் எவனும்
உன்னைக் கேட்டுத்தான் குனியணும்.”

கையெழுத்துப் போட்டோம்.
மாமியார் சாட்சிக்கு ஒரு சிலுவைக்கோடு இழுத்தாள்.
கொட்டைகள் பானைக்குத் திரும்பின.
சாயங்காலம் தின்றோம்.
உப்பு போதவில்லை.

மறுநாள் ரயிலடியில், பனியில்,
என் சால்வையை இழுத்துவிடும் சாக்கில்
சிரில் குனிந்தான்.
“சண்டை முடிந்து போனாலும்
உன் குட்டையில் மொள்ளாதே.
மாட்டுக்கும் வேண்டாம்.
சில வருஷம்.”

எத்தனை பேர் என்று கேட்க வாயெடுத்தேன்.
அவன் படியேறிவிட்டான்.

திரும்பி வந்து பத்திரத்தைப் பிரித்தேன்.
‘குட்டை, நீரோடு’ என்றிருந்தது, என் எழுத்தில்.
ஒரு சொல்லை அடித்தால் போதும்.
பேனாவை
நேற்றே திருப்பிக் கொடுத்திருந்தேன்.